இறங்காமல் போட்ட சலாம்

மஞ்சக்கல் தேயிலைத் தோட்டத்தில் சக்கரத்தின் மேல் ஏறியவர் யாராக இருந்தாலும் தோட்டத்தை ஆளும் வெள்ளைக்காரத் துரையைக் கண்டதும் இறங்க வேண்டும். சட்டம் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் யாராவது மறந்திருப்பார்கள். இறங்கி, சைக்கிளை மழைத்தண்ணீர் ஓடும் கான் ஓரமாகச் சாய்த்துப் பிடித்து, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கி, வலது கையால் ஒரு சலாம் வைக்க வேண்டும். துரையின் ஜீப் தூசியையோ சேற்றையோ, அந்தப் பருவத்துக்கு எது உரியதோ அதை மேலே இறைத்துவிட்டுப் போன பிறகு மறுபடி ஏறிக்கொள்ளலாம். பூசாரிக்கும் இந்த வழக்கம்தான், ஆஸ்பத்திரி எடுபிடிக்கும் இதே வழக்கம்தான். ஒருமுறை சாமிக்குப் பூ வாங்கி வந்த பூசாரி இறங்கிய வேகத்தில் பூவோடு கானில் விழுந்தார். சாமியும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அழகுமுத்துவுக்கு இந்த வழக்கத்தால் தொல்லை இல்லை. அவரிடம் சைக்கிளே கிடையாது. அவர் தோட்டத்துத் தபால்காரர். காலையில் நோர்வூட்டுக்கு நடந்து இறங்குவார். தபால் கந்தோரில் தோட்டத்துப் பையையும், கடைவீதியில் துரை பங்களாவுக்கான பாண் ரொட்டியையும் இறைச்சிப் பெட்டியையும் வாங்கிக்கொண்டு ஏறி வருவார். பெட்டி தலையில், பை தோளில், பாண் கக்கத்தில். எல்லாவற்றையும் பிடிக்க ஒரே கைதான். இடது கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது.

அந்தக் கை போன கதையை அவர் யாரிடமும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, தோட்டத்துக்கே தெரியும். நாற்பத்தொன்பதில் அவர் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இலை அரைக்கும் ரோலரில் வேலையாயிருந்தார். விளிம்பில் ஒட்டிய இலையை இடது கையால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தபோது அப்போதிருந்த பெரிய துரை வாசலில் வந்து நின்றார். ஸ்டோரே திரும்பிச் சலாம் வைத்தது. அழகுமுத்துவும் திரும்பி வலது கையை நெற்றிக்குக் கொண்டு போனார். சலாம் போட்ட கை பத்திரமாக இருந்தது. மற்றதை ரோலர் எடுத்துக்கொண்டது. விசாரித்தவர்கள், 'கவனக்குறைவு' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதுவும் உண்மைதான், அவருடைய கவனம் துரை மேல் இருந்தது.

பிறகு லேசான வேலை என்று தபாலைக் கொடுத்தார்கள். மலை ஏறி இறங்குவது எப்படி லேசான வேலையாகும் என்று அவர் கேட்கவில்லை. பெயர் செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் இருந்தது, லயத்து வீட்டு வரிசையில் ஒற்றை அறைக் காம்பரா இருந்தது, அதுவே போதும். புருசன் பெயரை வெட்டினால் கொழுந்தெடுக்கும் பெண்டாட்டி பெயரையும் சேர்த்து வெட்டுவது அந்தக் காலத்து ஒழுங்கு. வெட்டியபிறகு பெட்டி படுக்கையோடு போக வேண்டும். அழகுமுத்துவுக்குப் போக வேறு இடம் இல்லை. பிறந்தது இதே லயத்தில். அங்கே பிறந்தவர் எந்த நாட்டில் சேர்த்தி என்பதில் இந்த நாட்டுக்கும் கடலுக்கு அந்தப் பக்கத்து நாட்டுக்கும் பேச்சு முடியாமலிருந்தது.

ஐம்பத்தேழில் பக்கத்துத் தோட்டத்தையும் அதே கம்பெனி வாங்கியது. இரண்டு தோட்டம் ஒன்றானதும் இரண்டு தபால்காரர்களும் ஒருவராக வேண்டியிருந்தது. அந்தத் தோட்டத்துச் செல்லசாமிக்குக் கை இரண்டு, சைக்கிள் ஒன்று. கணக்கில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனாலும் அழகுமுத்து துரையின் கந்தோர் வாசலில் போய் நின்று சலாம் வைத்தார்.

புதிதாக வந்திருந்த துரை தமிழ் பேசுவார். இங்கிலீஷையே அவர் சிக்கனமாகப் பேசுகிறவர், தமிழில் இன்னும் சிக்கனம்.

"நீ என்னா?" என்றார்.

"தபால் வேலை, தொரைங்களே. அது இல்லேன்னா பேரு போயிரும். நாங்க எங்க போறது?"

துரையின் பார்வை முற்றத்துக் கொட்டகைக்குப் போனது. அங்கே ஒரு பழைய மோட்டார் சைக்கிள் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. சீமைக்குத் திரும்பிப் போன சின்ன துரை ஒருவர் விட்டுவிட்டுப் போனது. கோழிகள் அதில் முட்டையிட்டுவந்தன.

"அது நீ ஓட்டு. ஓட்டினா வேலை ஒனக்கு," என்றார் துரை.

உள்ளே பெரிய கிளாக்கர் சிரித்தார். துரையும் சிரித்தார். அழகுமுத்து சிரிக்கவில்லை. துரை வாயிலிருந்து வந்தது வார்த்தை, வார்த்தை என்றால் உத்தரவு. அன்றைக்கே கோழிகளை விரட்டிவிட்டு வண்டியை வெளியே தள்ளினார். நோர்வூட் வரை இறக்கம் என்பது நல்லதாய்ப் போயிற்று. வழியெல்லாம் ஆட்கள் கொழுந்தை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

நோர்வூட் கடைவீதியில் இஸ்ஸதீன் நானா தையல் மிசின், பெட்ரோமாக்ஸ், சைக்கிள் எல்லாம் பழுது பார்ப்பார். மோட்டார் சைக்கிளைத் திறந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு நெடுநாளாக உண்டு, கொடுக்கத்தான் ஆளில்லை. வண்டியைக் கண்டதும் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். பிறகு அழகுமுத்துவின் கையைப் பார்த்தார்.

"வண்டிய சரிசெய்ய ஏலும் தம்பி," என்றார். "கை ஒண்டு செஞ்சி தர எனக்கு ஏலா."

"கையி வேணாம் நானா. கையில்லாம ஓட்டுற மாதிரி செஞ்சி குடுங்க."

இஸ்ஸதீன் நானா ஒரு பெட்டியில் உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தார். அந்தக் காலத்து வண்டியில் கியர் மாற்றுவது வலது கையால், பெட்ரோல் டாங்கிக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியைப் பிடித்து. கிளச்சைப் பிடிப்பது இடது கையால். கிளச்சைப் பிடிக்காமல் கியரைத் தொட்டால் வண்டி கன்று தொலைந்த மாடு மாதிரி அலறும். ஆகவே கிளச்சைக் கையிலிருந்து காலுக்கு இறக்கினார். இடது காலில் இருந்த பிரேக் மிதியைக் கிளச்சுக்குக் கொடுத்துவிட்டு, பிரேக்குக்கு வலது பக்கம் புது மிதி வைத்தார். அது ஒரு தையல் மிசினின் கால்மிதியை அறுத்தெடுத்த துண்டு. மிசினுக்குச் சொந்தக்காரி ஆமினா உம்மா வந்து கேட்டபோது, "சாமான் கொழும்புக்குப் போயிரிக்கி" என்றார்.

மிச்சம் இருந்தது ஹாண்டில். ஒரு கையால் கியர் மாற்றும்போது மற்றக் கை ஹாண்டிலைப் பிடிக்க வேண்டும், பிடிக்க விரல் இல்லை. அதற்கு ஒரு பால்மாத் தகரப் பேணியை ஹாண்டிலின் இடது நுனியில் முடுக்கினார். மணிக்கட்டை அதற்குள் விட்டுக்கொள்ள வேண்டியதுதான். தகரம் வெட்டாமலிருக்க, அழகுமுத்துவின் பெண்டாட்டி நாகலெட்சுமி மழைக்குப் போர்த்தும் கம்பளியில் ஒரு துண்டு வெட்டி உள்ளே வைத்துத் தைத்துக் கொடுத்தாள். தைக்கும்போது, "விழுந்தா கை அதுக்குள்ள மாட்டிக்காதா?" என்று கேட்டாள்.

"மாட்டிக்க அங்க என்னா இருக்கு?" என்றார் அழகுமுத்து. அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

விழுந்தார். நோர்வூட் மைதானத்தில் ஓட்டிப் பழகிய நாட்களில் விழாத மூலை இல்லை. பந்தாட வந்த பையன்கள் ஆட்டத்தை விட்டு இதையே பார்த்தார்கள். சினிமாவுக்கு ஹட்டன் போக வேண்டும், இது பக்கத்திலேயே நடந்தது. ஆனால் மனிதர் விடவில்லை. விழுவார், பேணியிலிருந்து மணிக்கட்டை உருவுவார், எழுந்து காற்சட்டையைத் தட்டுவார், மறுபடி ஏறுவார். கடைசியில் லைசன்சுக்குச் சோதிக்க வந்த அதிகாரி வண்டியைச் சுற்றி வந்து, பேணிக்குள் எட்டிப் பார்த்து, கம்பளியைத் தொட்டுப் பார்த்து, "ஹரி" என்று சிங்களத்தில் சரி சொன்னார். எந்த நாட்டுப் பிரஜை என்று அவர் கேட்கவில்லை. அழகுமுத்துவும் ஞாபகப்படுத்தவில்லை.

துரை வேடிக்கைக்குச் சொன்னதை இவர் செய்துகொண்டு வந்து கந்தோர் முற்றத்தில் நிறுத்தியபோது துரைக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. கொடுத்த வாக்கு ஆங்கிலேயர் வாக்கு. தபால் வேலை அழகுமுத்துவுக்கே கிடைத்தது. செல்லசாமியை ஸ்டோருக்கு அனுப்பினார்கள். பங்களாவில் பாண் சூட்டோடு வந்து இறங்கியது. அழகுமுத்து உள்ளுக்குள் பெருமைப்பட்டார், அதை வெளியே காட்டாமலிருக்க மிகவும் பாடுபட்டார்.

தொல்லை வந்தது ஸ்டோர் ஏற்றத்தில். ஹட்டனிலிருந்து தபால் பை நோர்வூட்டுக்கு வந்து சேரும் நேரமும், துரை தேயிலை மலைகளில் வேலை பார்வையிட ஜீப்பில் கிளம்பும் நேரமும் ஒன்றாகவே அமைந்திருந்தன. முதல் நாள் ஏற்றத்தின் நடுவில் ஜீப் எதிரே வந்தது. அழகுமுத்து வண்டியை நிறுத்தினார். இடது கை பேணிக்குள். இடது கால் கிளச்சில். வலது கால் தரையில். வலது கை முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது. சலாமுக்கு என்று உடம்பில் மிச்சம் எதுவும் இல்லை.

இருந்தாலும் துரை துரைதான். வலது கை பிரேக்கை விட்டுவிட்டு நெற்றிக்குப் போயிற்று. வண்டி அவரையும் ஏற்றிக்கொண்டு பின்னால் இறங்கத் தொடங்கியது. கடைசிவரை அவர் சலாமை எடுக்கவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். சலாம் வைத்தபடியே கானில் இறங்கினார். பாண் தேயிலைச் செடிக்குள் போய் விழுந்தது.

பின்னர் எஞ்சினை அணைத்துக் கியரில் போட்டு நிறுத்தி, முறைப்படி இறங்கிச் சலாம் வைக்கப் பழகிக்கொண்டார். கானில் விழுவது நின்றது. ஆனால் அந்த வண்டி சூட்டோடு அணைத்தால் ஆறும்வரை கிளம்பாது. எத்தனை உதை உதைத்தாலும் இருமும், அவ்வளவுதான். பொறி போடும் மேக்னட்டுக்கு வயசாகிவிட்டது, புதிது சீமையிலிருந்துதான் வரவேண்டும் என்று இஸ்ஸதீன் நானா கையை விரித்துவிட்டார். ஆகவே தினமும் துரைக்கு மரியாதை செய்துவிட்டு, வண்டி ஆறும்வரை ஏற்றத்தில் குந்தியிருந்து, துரையின் தபாலைத் தாமதமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

தபால் தாமதம் என்று துரை சத்தம் போட்டார். தோட்டத்து வேலையெல்லாம் மேற்பார்க்கும் கண்டாக்கு கணேசமூர்த்தி, காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்கு அழகுமுத்துவைக் கூப்பிட்டார்.

"இனி ஒரு நாள் லேட்டானா வேலை செல்லசாமிக்கு. தெரிஞ்சிக்க."

"தொரைக்கு எறங்கி நிக்கிறதாலதாங்கய்யா லேட்டாகுது. எறங்காம வந்துட்டா நேரத்துக்கு வந்துருவேன்."

கண்டாக்கு அவரை ஏறிட்டுப் பார்த்தார். "எறங்காம வந்தா லேட்டாகாது. பேரும் இருக்காது," என்றார்.

இறங்கினால் வேலை போய் அதோடு பெயரும் போகும், இறங்காவிட்டால் நேரே பெயரே போகும். அழகுமுத்துவுக்கு அழுகை வந்தது. கண்டாக்கு முன்னால் அழுவது எந்த வழக்கத்தில் சேர்த்தி என்று தெரியாததால் அடக்கிக்கொண்டார். அடுத்து, துரையிடமே கேட்டுவிடலாமா என்று மெதுவாகக் கேட்டார். கண்டாக்கு நடுங்கிப்போனார். துரையிடம் போய், 'உங்களுக்கு இறங்காமல் இருக்கலாமா' என்று கேட்பதா? அப்படிக் கேட்க அந்த மலையில் அதுவரை ஒருவரும் பிறக்கவில்லை.

கணேசமூர்த்தி கெட்ட மனிதர் அல்ல. மரியாதையை அவர் மற்றவர்கள் சாமியை நம்புவது மாதிரி நம்பினார், அவ்வளவுதான். இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கூப்பிட்டனுப்பினார்.

"எறங்குறதுக்கு என்னா அர்த்தம்? தொரை வர்றப்ப நாம குந்தியிருக்கக் கூடாது. நாற்காலியில இருந்தா எந்திரிக்கிறோமில்ல? அப்ப நீ எந்திரிச்சு நின்னா போதும்."

"வண்டி ஓடயிலயாங்கய்யா?"

"வண்டி ஓடுறது வண்டியோட வேலை. எந்திரிக்கிறது ஒன் வேலை. தலைத்துண்டும் இருக்கக் கூடாது, சலாமும் வைக்கணும்."

அழகுமுத்து மறுபடி இஸ்ஸதீன் நானாவிடம் போனார். ஓடுகிற வண்டியில் எழுந்து நின்று சலாம் வைக்க வேண்டும் என்பதைக் கேட்டு நானா ஆச்சரியப்படவில்லை. தோட்டத்து விசயங்களில் ஆச்சரியப்படுவதை அவர் எப்போதோ விட்டிருந்தார்.

"அப்ப வலக்கை சும்மா இரிக்கணும்," என்றார். "ஆக்ஸிலேட்டர இந்தப் பக்கம் கொண்டு வருவம்."

வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடியை வலப்பக்கத்திலிருந்து கழற்றி, இடப்பக்கத்தில் பேணியோடு சேர்த்து முடுக்கினார். முழங்கையைத் தாழ்த்தினால் பேணி திரும்பும், வேகம் கூடும். உயர்த்தினால் குறையும். விரலே தேவையில்லை. வலது கை கியருக்கும் சலாமுக்கும் மட்டும் என்று ஆயிற்று. நல்ல வேலைப்பாடு. அந்தக் கடைவீதியில் அதற்குமுன் அப்படி ஒன்று நடந்ததில்லை, ஆமினா உம்மாவின் மிசின் இன்னும் கொழும்பிலிருந்து திரும்பியிருக்கவில்லை.

ஒத்திகை பார்த்தார்கள். அழகுமுத்து மிதிகளில் ஊன்றி எழுந்தார். எழுந்ததும் முழங்கையும் உயர்ந்தது, வேகம் குறைந்தது, எஞ்சின் அணைந்தது. எவ்வளவு நிமிர்ந்து நின்றாரோ அவ்வளவு சீக்கிரம் அணைந்தது. கடைசியில் இடுப்பை வளைத்து, முழங்கையைக் கீழே அழுத்தி, குனிந்து நின்றால் மட்டும் வண்டி ஓடும் என்று கண்டுபிடித்தார்கள். கண்டாக்குக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. இவ்வளவு மரியாதையான ஓர் இயந்திரத்தை அவர் பார்த்ததில்லை.

தலைத்துண்டை எப்படி அவிழ்ப்பது, அவிழ்த்து எங்கே வைப்பது என்பது பெரிய கேள்வியாக இருந்தது. நானா ஒரு கொக்கி வைக்கலாமா என்று யோசித்தார். நாகலெட்சுமிதான், "துண்டக் கட்டாமலே போனா என்னாங்க?" என்று கேட்டாள். பனிக்காலத்தில் காது விறைத்துப்போகும் என்றாலும் அதுவே முடிவாயிற்று.

குறித்த நாள் காலையில் அழகுமுத்து நோர்வூட்டிலிருந்து ஏறிவந்தார். பெட்டியும் பாணும் பின்னால் கட்டியிருந்தன, பை முதுகில். மூடுபனி கலைந்து ஸ்டோர் ஏற்றம் தெரிந்தது. மேலிருந்து ஜீப் இறங்கி வந்தது. துரைக்குப் பக்கத்தில் கண்டாக்கு உட்கார்ந்திருந்தார், முகத்தில் சாமி ஊர்வலம் பார்க்கிற பக்தி. ஏற்றத்தில் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பாதாளம். பேணி நழுவினால் தபால் பை மட்டும் கிடைக்கும்.

எழுந்தார். குனிந்தார். முழங்கையை அழுத்தினார். வலது கையைத் தூக்கி நெற்றியில் வைத்தார். மோட்டார் சைக்கிள், நல்ல வேளை, ஓடிக்கொண்டே இருந்தது. ஜீப்பைக் கடந்தது. இரண்டு சாண் இடைவெளி. அவர் கண்ணை மூடியிருந்தாரா திறந்திருந்தாரா என்பதை அவரே பிறகு சொல்ல முடியவில்லை.

ஜீப் கிறீச்சென்று நின்றது. "ஏய்! நில்லு!" என்ற சத்தம் கேட்டது.

பெயர் போயிற்று என்று நினைத்தார். எஞ்சினை அணைத்து, இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். துரை ஜீப்பை விட்டு இறங்கி அவரை நோக்கி நடந்து வந்தார். முகம் வெள்ளைச் சுண்ணாம்பாக வெளிறியிருந்தது. பேணியைப் பார்த்தார், அதற்குள்ளிருந்து உருவிய மணிக்கட்டைப் பார்த்தார்.

"என்னா செய்றது நீ? சர்க்கஸ்? விழுந்து சாகுறது!"

"சலாம், தொரைங்களே."

"சலாம் வேணாம். எந்திரிக்க வேணாம். எறங்க வேணாம்." துரை மூச்சு வாங்கினார். "வேலை செய்றப்ப கை எடுக்க வேணாம். தெரிஞ்சதா? யாரு வந்தாலும் கை எடுக்க வேணாம்."

"சரிங்க தொரை," என்று ஜீப்பிலிருந்து கண்டாக்கு பதில் சொன்னார். அழகுமுத்து பழக்கத்தில் வலது கையைத் தூக்கினார், பாதியில் ஞாபகம் வந்து எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் காதைச் சொறிந்துகொண்டார்.

அந்த உத்தரவு பெரட்டுக்களத்தில் வாசிக்கப்படவில்லை. வாசிக்கத் தேவையும் இருக்கவில்லை. அடுத்த வாரம் ஆஸ்பத்திரி எடுபிடி துரையைக் கண்டும் இறங்காமல் போனான், ஒன்றும் நடக்கவில்லை. பூசாரி மட்டும் கொஞ்ச நாள் பாதி இறங்கிப் பார்த்தார். துரை சீமைக்குப் போய், வேறு துரை வந்து, அறுபத்துநாலில் அந்த வண்டி ஒரேயடியாக மூச்சை விடும்வரை அழகுமுத்து அதில்தான் தபால் கொண்டுவந்தார், உட்கார்ந்தபடியே.

ஆனால் துரை அப்படிச் சொன்ன அன்று வண்டி ஆறக் காத்திருந்து, தாமதமான தபாலைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவர் காம்பரா வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார். அந்தியில் நாகலெட்சுமி கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு நனைந்திருக்க வந்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு, "என்னா ஆச்சு? பேரு இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு." துரை சொன்னதை அப்படியே, துரையின் தமிழிலேயே சொன்னார். வேலை செய்றப்ப கை எடுக்க வேணாம். யாரு வந்தாலும் கை எடுக்க வேணாம்.

நாகலெட்சுமி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அடுப்பைப் பற்றவைக்கப் போனவள் நின்று திரும்பினாள்.

"இத அன்னைக்கு ஸ்டோர்ல ஒருத்தரு சொல்லியிருக்கக் கூடாதா?"

"அப்ப இருந்தது வேற தொரை, புள்ள."

"தொரை வேற," என்றாள் அவள். "கை இந்தக் கைதானே."

கை போன அன்று ஆஸ்பத்திரியில் அழகுமுத்து அழவில்லை. கவனக்குறைவு என்று சொன்னபோதும் தலையாட்டிவிட்டுத்தான் வந்தார். இப்போது அழுதார். வெட்கப்படாமல், பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும்படியாகவே அழுதார். நாகலெட்சுமி தடுக்கவில்லை. வாசலில் நின்ற வண்டியின் பேணிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். உள்ளே கம்பளி வியர்வையில் ஊறிப்போயிருந்தது. அதைப் பிரித்தெடுத்து அடுப்போரம் காயப்போட்டுவிட்டு, புதிதாக ஒரு துண்டு வெட்டத் தன் கம்பளியை எடுத்தாள்.